குயர் குறும்படம் எடிட் செய்ய டாவின்சி ரிசால்வ்: இலவசப் பதிப்பு எதுவரை தாங்கும்?

பத்துப் பன்னிரண்டு நிமிடப் படம். நடிப்பவர்கள் இரண்டு பேர், ஒரு வாடகை வீடு, இரவல் கேமரா, இரண்டு நாள் ஷூட். தன்பாலீர்ப்பு பற்றியும் திருநர் வாழ்க்கை பற்றியும் நம் ஊரில் வரும் சுயாதீனக் குறும்படங்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் எடுக்கப்படுகின்றன. ஷூட் முடிந்து எடிட்டுக்கு உட்காரும்போது மென்பொருளிடம் இவர்கள் எதிர்பார்ப்பது கல்யாண வீடியோக்காரர் எதிர்பார்ப்பதிலிருந்து வேறு. நடித்தவர்களில் ஒருவர் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அவர் முகம் வெளியே வரக் கூடாது. படத்தின் முக்கியக் காட்சி இரவு நேரத்து அறையில், ஒரு மாநிற உடம்பும் ஒரு கறுத்த உடம்பும் ஒரே ஃபிரேமில். எடிட் செய்யும் கம்ப்யூட்டர் தம்பியும் அப்பாவும் உட்காரும் கம்ப்யூட்டர். இங்கிலீஷ் சப்டைட்டிலில் ஒரு ‘ஷி’ தவறி விழுந்தால் கதையின் முடிச்சு இரண்டாவது நிமிடத்திலேயே அவிழ்ந்துவிடும்.

இந்த நான்கையும் வைத்துத்தான் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்தின் எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வை இங்கே எடை போடுகிறோம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: இலவசப் பதிப்பு போதும். 295 டாலர் கொடுத்து ஸ்டுடியோ பதிப்பு வாங்கக் காரணம் ஒன்றோ இரண்டோதான் உண்டு. அதில் ஒன்று இருட்டில் தப்பாக எடுத்த படம். ஆனால் இந்த மென்பொருள் வன்வட்டில் எதையெல்லாம் சத்தமில்லாமல் சேர்த்து வைக்கிறது என்று தெரியாமல் இறங்கினால், இலவசத்துக்கான விலையை வேறு ஆள் கொடுக்க நேரும்.

இலவசத்தில் வெளியீடு 3840×2160 வரை, நொடிக்கு 60 பிரேம் வரை. திரைவிழாக்களுக்கு அனுப்பும் குறும்படத்துக்கு இது ஏராளம். வாட்டர்மார்க் கிடையாது, நாள் கணக்கு கிடையாது. இல்லாதவை: இருட்டில் எடுத்த படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன், ஆளைத் தானாகப் பிரித்தெடுக்கும் மேஜிக் மாஸ்க், ஃபேஸ் ரிஃபைன்மென்ட், ஃபிலிம் கிரெய்ன், குரலை இரைச்சலிலிருந்து பிரிக்கும் வாய்ஸ் ஐசொலேஷன். இவற்றைத் தொட்டால் படத்தின் மேல் வாட்டர்மார்க் வந்து உட்காரும், அல்லது ‘வாங்கு’ என்று ஒரு பெட்டி திறக்கும். ஃபேஸ் ரிஃபைன்மென்ட் இல்லாதது நல்லதே. காதல் காட்சியில் தோலை வழவழவென்று ஆக்கி சோப்பு விளம்பரம் மாதிரி செய்துவிடும் கருவி அது.

டவுன்லோட் செய்யும்போதே ஒரு சின்ன விஷயம். பெயர், போன் எண், ஊர் எல்லாம் கேட்டு ஒரு படிவம் வரும். அதன் அடியிலேயே ‘டவுன்லோட் ஒன்லி’ என்று ஓர் இணைப்பு இருக்கும். எதையும் நிரப்பாமல் இறக்கிக்கொள்ளலாம்.

வீட்டுக் கம்ப்யூட்டரில்

ரிசால்வ் மற்ற எடிட்டர்களைப் போல ஒரு புராஜெக்ட் ஃபைலை நீங்கள் சொன்ன இடத்தில் வைப்பதில்லை. ‘புராஜெக்ட் லைப்ரரி’ என்ற தரவுத்தளத்துக்குள் வைக்கிறது. மென்பொருளைத் திறந்தவுடன் வரும் புராஜெக்ட் மேனேஜர் பக்கத்தில் ஒவ்வொரு படமும் ஒரு சின்னச் சித்திரத்தோடு வரிசையாக நிற்கும். கல்லூரி புராஜெக்டுக்காக ரிசால்வைத் திறக்கும் தங்கைக்கு, பக்கத்திலேயே உங்கள் படத்தின் முத்தக் காட்சி தெரியும். இதைப் பலரும் யோசிப்பதில்லை.

வழி எளிது. புராஜெக்ட் மேனேஜரின் இடப்பக்க லைப்ரரி பட்டியலைத் திறந்து, புதிய லோக்கல் லைப்ரரி ஒன்றை வெளி எஸ்எஸ்டியில் ஒரு ஃபோல்டருக்குள் உருவாக்குங்கள். படத்தின் புராஜெக்ட் அதற்குள் மட்டும் இருக்கட்டும். எஸ்எஸ்டியைக் கழற்றினால் புராஜெக்டும் போய்விடும். அதோடு விட்டால் பாதி வேலைதான் முடிந்தது. ரெண்டர் கேஷ் (வேகத்துக்காக முன்கூட்டியே செய்து வைக்கும் துண்டுகள்), கேலரி ஸ்டில், பிராக்ஸி (ஃபுட்டேஜின் சிறிய நகல்) ஆகியவை வேறு இடத்தில் சேர்கின்றன. பொதுவாக விண்டோஸில் ‘வீடியோஸ்’ ஃபோல்டருக்குள், மேக்கில் ‘மூவிஸ்’ ஃபோல்டருக்குள் ‘கேஷ்கிளிப்’, ‘கேலரி’ என்ற பெயர்களில் கிடக்கும். புராஜெக்டை அழித்தாலும் இவை அழியாது. புராஜெக்ட் செட்டிங்ஸில் மாஸ்டர் செட்டிங்ஸ், அதில் ‘வொர்க்கிங் ஃபோல்டர்ஸ்’ என்ற பகுதிக்குப் போய் எல்லாவற்றையும் அந்த எஸ்எஸ்டிக்கே திருப்பிவிடுங்கள். பிரிஃபரன்ஸஸில் ‘புராஜெக்ட் சேவ் அண்ட் லோட்’ பகுதியில் பேக்கப் எங்கே போகிறது என்றும் ஒருமுறை பாருங்கள், அதையும் மாற்றலாம். எஸ்எஸ்டி முழுவதையும் பிட்லாக்கர், வெராகிரிப்ட் போன்ற குறியாக்க மென்பொருளால் பூட்டிவிட்டால், தொலைந்தாலும் எடுத்தவர் திறக்க முடியாது. மொத்தம் அரை மணி நேர வேலை. ஷூட்டுக்கு முன்பே செய்துவிடுங்கள். ஃபுட்டேஜ் உள்ளே வந்த பிறகு நகர்த்துவது சள்ளை பிடித்த காரியம்.

ஃபுட்டேஜ் திறக்காமல் அடம்பிடிக்கும் இடங்கள்

இலவசப் பதிப்பைப் பற்றி வரும் புகார்களில் பாதி இங்கேதான். சோனி, ஃபியூஜி, பானசோனிக் மாதிரி கேமராக்களில் 10-பிட் 4:2:2 (நிற விவரம் கூடுதலாகப் பதியும் முறை) ஹெச்.264, ஹெச்.265 கோப்புகளை எடுத்து வந்தால், விண்டோஸ் இலவசப் பதிப்பில் சத்தம் மட்டும் கேட்கும். படத்துக்குப் பதில் சிவப்பாக ‘மீடியா ஆஃப்லைன்’ என்று வரும். கோப்பு கெட்டுப்போகவில்லை. அதைத் திறக்கும் டீகோடர் ஸ்டுடியோவில்தான் இருக்கிறது. ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருளில் டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் ஹெச்க்யூஎக்ஸ் என்ற எடிட்டுக்கேற்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு வந்தால் சரியாகிவிடும். வெறும் ஹெச்க்யூ 8-பிட். அதில் மாற்றினால் கேமராவில் 10-பிட்டில் எடுத்ததற்குப் பயனே இல்லை. இடம்தான் கொஞ்சம் கேட்கும்: அல்ட்ரா ஹெச்டியில் ஒரு மணி நேர ஃபுட்டேஜுக்குச் சுமார் 300 ஜிபி. லினக்ஸ் இலவசப் பதிப்பில் ஹெச்.264-கூடத் திறக்காது என்பதால் அதன் பக்கம் போகவே வேண்டாம்.

போனில் எடுத்திருந்தால் வேறு சிக்கல். போன் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்ப பிரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். முதல் நிமிடம் உதடும் குரலும் சேர்ந்திருக்கும், ஐந்தாவது நிமிடத்தில் விலகிவிடும். இதையும் ஷட்டர் என்கோடரில் நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு உள்ளே கொண்டுவர வேண்டும்.

பிரேம் வேகத்தை முதல் நாளே முடிவு செய்யுங்கள். மீடியாவைக் கொண்டுவந்த பிறகு புராஜெக்டின் டைம்லைன் பிரேம் ரேட்டை ரிசால்வ் மாற்ற விடாது. தியேட்டரில் திரையிடும் எண்ணம் இருந்தால் 24. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே 24-இல் எடுத்தாலும் ஷட்டரை 1/50-இல் வையுங்கள். 1/48-இல் வைத்தால் சில டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் மெதுவாக அலையடிப்பது தெரியும். அதை எடிட்டில் எடுக்க ஸ்டுடியோவின் டிஃப்ளிக்கர்தான் வேண்டும். அப்போதும் முழுசாகப் போகாது.

கணினியைப் பொறுத்தவரை 16 ஜிபி ரேம், 4 ஜிபிக்குக் குறையாத கிராஃபிக்ஸ் நினைவகம். இதற்குக் கீழே இருந்தால் ‘ஜிபியூ மெமரி ஃபுல்’ என்ற செய்தியோடு வாழப் பழகிக்கொள்ள வேண்டும். அல்லது டைம்லைனை 1080-இல் வைத்து எடிட் செய்து ரெண்டரில் மட்டும் பெரிதாக்கலாம்.

சேலை மடிக்கும் காட்சி

ஆசையைப் பற்றிய படத்தில் எடிட்டரின் வேலை பெரும்பாலும் கால் நொடி, அரை நொடிக் கணக்கில்தான். ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பார்க்கலாம். மொட்டை மாடி. கொடியிலிருந்து எடுத்த காட்டன் சேலையை இரண்டு பெண்கள் மடிக்கிறார்கள். ஆளுக்கொரு முனை. முதலில் நடுவே ஐந்தரை மீட்டர் தூரம். நடந்து வந்து கை சேர்த்து முனையைக் கொடுக்க வேண்டும். அடுத்த மடிப்புக்கு விலகி நிற்கும்போது தூரம் இரண்டே முக்கால். அதற்கடுத்தது ஒன்றரை மீட்டர்கூட இல்லை. வசனம் தேவையில்லை, சேலையே அவர்களை நெருங்க வைக்கிறது.

மூன்று சந்திப்பிலும் விரல்கள் தொடுகின்றன. மூன்றாவதில் அந்தத் தொடுகை வேறு ஒன்றாகத் தெரிய வேண்டும். இங்கே ரிசால்வின் டிரிம் கருவிகள் கைக்கு அடக்கமாக இருக்கின்றன. ‘வி’ அழுத்தினால் பக்கத்து வெட்டுப் புள்ளி தேர்வாகும். ‘யூ’ அழுத்த அழுத்த, வெட்டின் இடப்பக்கம், வலப்பக்கம், இரண்டும் என்று மாறும். பிறகு கமாவும் புள்ளியும் ஒவ்வொரு பிரேமாக நகர்த்தும், ஷிஃப்டோடு சேர்த்தால் ஐந்தைந்தாக. மௌஸ் தேவையே இல்லை. டைம்லைனை மூன்று நகல் எடுத்து, விரல் பட்டதிலிருந்து அடுத்த ஷாட்டுக்குப் போகும் வெட்டை ஒன்றில் 6 பிரேம், இன்னொன்றில் 12, மூன்றாவதில் 18 என்று தள்ளி வைத்துப் பாருங்கள். ஆறில் அவர்கள் தோழிகள். பன்னிரண்டில் சந்தேகம் வரும். பதினெட்டில் பார்ப்பவர் மூச்சைப் பிடிப்பார். முப்பதைத் தாண்டினால் நடிகை ‘கட்’ சொல்வதற்காகக் காத்திருப்பது தெரிந்துவிடும்.

முகத்துக்கு வெட்டும்போது, விரல் ஷாட்டின் சத்தத்தை (சேலை காற்றில் படபடப்பது) முகத்தின் மேல் ஒரு நொடி இழுத்துவிடுங்கள். சத்தமும் படமும் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டால் தொடுகை முடிந்துபோனதாகத் தோன்றும்.

ஒரே வசனத்தின் பல டேக்குகளை ஒப்பிட ‘டேக் செலக்டர்’ உண்டு. டைம்லைனில் ஒரே இடத்தில் ஐந்து டேக்குகளை அடுக்கி மாற்றி மாற்றிப் பார்க்கலாம். கண் பார்வை எந்த டேக்கில் அரை நொடி தாமதிக்கிறது என்பதைப் பிடிக்க இதைவிட வசதி கிடையாது.

முகம் வேண்டாம் என்றவர்களுக்கு

யார் முகம் தெரியலாம், யாருடையது கூடாது, யாருடைய குரல்கூடக் கூடாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு எடிட் செய்யாதீர்கள். மீடியா பூலில் கிளிப்பைத் தேர்ந்து மெட்டாடேட்டா பெட்டியில் ‘கீவேர்ட்ஸ்’ என்ற இடத்தில் ‘முகம்-கூடாது’ என்று எழுதுங்கள். பிறகு ஸ்மார்ட் பின் ஒன்று உருவாக்கி, கீவேர்டில் அந்தச் சொல் உள்ள கிளிப் எல்லாம் அதில் வரட்டும் என்று விதி போடுங்கள். அதே கிளிப்களுக்கு ஆரஞ்சு நிறமும் கொடுத்துவிட்டால், டைம்லைனில் ஓர் ஆரஞ்சுத் துண்டு நுழைந்தாலே கண்ணில் படும். நடித்தவர் மூன்று மாதம் கழித்து மனம் மாறினாலும் அவருடைய ஷாட்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரே நிமிடத்தில் தெரியும்.

மறைப்பது கலர் பக்கத்தில். ஆல்ட்+எஸ் அழுத்தி புதிய நோட் (ஒரு திருத்தத்தை வைக்கும் பெட்டி) ஒன்று சேருங்கள். விண்டோ பகுதியில் வட்டத்தைத் தேர்ந்து தலையின் மேல் வையுங்கள். காது, முடிக்கோடு, தாடை எல்லாம் உள்ளே வரும்படி முகத்தைவிடச் சற்றுப் பெரிதாக. ஓரத்தின் மென்மையைக் குறைவாக வையுங்கள். டிராக்கர் பகுதிக்குப் போய் கன்ட்ரோல்+டி (T). விண்டோ முகத்தோடு நகரும். பிறகு எஃபெக்ட்ஸிலிருந்து ‘மொசைக் பிளர்’ எடுத்து அந்த நோடின் மேல் போடுங்கள். முகத்தின் அகலத்துக்குள் ஆறேழு கட்டத்துக்கு மேல் இருந்தால் மறைக்கவில்லை என்றே அர்த்தம்.

டிராக்கர் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் முகத்துக்குக் குறுக்கே ஒரு கை போனாலும், தலை பின்பக்கம் திரும்பினாலும் வட்டம் கையோடோ சுவரோடோ போய்விடும். அந்த இடத்தில் டிராக்கர் பெட்டியின் மேலே ‘கிளிப்’ என்றிருப்பதை ‘பிரேம்’ என்று மாற்றி, வழுக்கிய பிரேம்களில் வட்டத்தைக் கையால் நகர்த்துங்கள். முடித்த பிறகு ஓட்டிப் பார்த்தால் போதாது. வலது அம்புக்குறியை அழுத்தி ஒவ்வொரு பிரேமாகப் போக வேண்டும். ஒரே ஒரு பிரேம் முகம் தெரிந்தாலும் இடைநிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுக்க அது போதும்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. முகத்தை மறைத்து டிராக் செய்த பிறகு, ஷாட்டின் முனையில் ஒரு டிஸால்வ் (ஒரு ஷாட் கரைந்து அடுத்தது வருவது) போடுகிறார்கள், அல்லது ஷாட்டை எட்டு பிரேம் நீட்டுகிறார்கள். டிராக் செய்தபோது இல்லாத பிரேம்கள் இப்போது உள்ளே வந்துவிட்டன. அவற்றில் வட்டம் பழைய இடத்திலேயே நிற்கும், முகம் நகர்ந்து வெளியே வந்துவிடும். ஆகவே எடிட் பூட்டிய பிறகே இந்த வேலை.

லேசான காஸியன் பிளரை நம்ப வேண்டாம். மங்கலாக்கிய முகத்தைத் திரும்பத் தெளிவாக்கும் கருவிகள் வந்துவிட்டன. மொசைக்கிலும் முகம் அசையும்போது பல பிரேம்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தகவல் கசியும். உறுதியாக வேண்டுமென்றால் நிழலுருவாக்குங்கள். ஜன்னலுக்கு எதிராக நிற்கும் உருவம் என்றால் கர்வ்ஸில் கறுப்புப் புள்ளியை வலப்பக்கம் இழுத்து, வேவ்ஃபார்மில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) முகம் முழுவதும் பூஜ்யத்தில் தட்டையாக விழ வேண்டும். மூன்று நான்கு சதவீதத்தில் விவரம் மிச்சம் இருந்தால், வீடியோவை இறக்கி வெளிச்சத்தைக் கூட்டி யாராவது முகத்தை எடுத்துவிடலாம்.

அழகியல் ரீதியாக ஒரு வார்த்தை: மொசைக் போட்ட முகத்தை நாம் பார்த்துப் பழகியது செய்தி சேனலில், போலீஸ் அழைத்துப்போகும் கைதிக்கு. காதலைச் சொல்லும் படத்தில் அதே கட்டங்கள் வந்தால் பார்ப்பவர் மனம் அங்கேதான் போகும். பிடரி, உள்ளங்கை, கொலுசு, கண்ணாடியில் பாதி தெரியும் தோள் என்று ஷூட்டிலேயே முகத்தைத் தவிர்த்து எடுத்தால் மறைத்ததாகவே தெரியாது. மொசைக், தவறிப்போன ஷாட்டைக் காப்பாற்ற மட்டும்.

குரலுக்கு, ஒலி வேலைக்கான ஃபேர்லைட் பக்கத்தில் பிட்ச் மாற்றும் வசதி உண்டு. இரண்டு ஸ்வரம் இறக்கிவிட்டால் ஆள் தெரியாது என்று நினைக்கிறார்கள். அதே அளவு ஏற்றினால் பழைய குரல் திரும்ப வந்துவிடும். வேறு ஒருவரை வைத்து டப்பிங் செய்வதுதான் பாதுகாப்பு.

கோப்பு கை மாறும்போதும் கவனம் வேண்டும். ‘புராஜெக்ட் ஆர்கைவ்’ என்ற பெயரில் ரிசால்வ் கொடுக்கும் டிஆர்ஏ ஃபோல்டருக்குள் மறைக்காத அசல் ஃபுட்டேஜ் எல்லாம் இருக்கும். இசையமைப்பவருக்கும் சப்டைட்டில் செய்பவருக்கும் அது போகக் கூடாது. மறைத்து முடித்து ஒரே கோப்பாக ரெண்டர் செய்ததை மட்டும் அனுப்புங்கள். அனுப்பும் முன், கோப்பு விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து ஊர், இடம் ஏதாவது மெட்டாடேட்டாவில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். படத்துக்குள்ளேயே பைக் நம்பர், வாசல் கதவு எண், போன் திரையில் வரும் நோட்டிஃபிகேஷன் இவற்றுக்கும் அதே விண்டோ, டிராக்கர் வேலைதான்.

தோல்

ரிசால்வுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கலர் பக்கம். அது இலவசத்தில் ஏறக்குறைய முழுசாக இருக்கிறது. சிக்கல் கருவியில் இல்லை, இணையத்தில் கிடைக்கும் பாடங்களில். முகம் வேவ்ஃபார்மில் 60, 70-இல் உட்கார வேண்டும் என்று சொல்பவை வெளுத்த தோலுக்கு எழுதப்பட்டவை. கறுத்த தோல், அதுவும் இரவுக் காட்சியில், 25 முதல் 40-க்குள் இருந்தாலே அழகு. கன்னத்திலும் தோள்பட்டையிலும் விழும் மினுமினுப்பு மட்டும் மேலே போனால் போதும். 60-க்குத் தூக்கினால் சாம்பல் பூசியது போலாகும், கூடவே இரைச்சலும் மேலே வரும்.

வெக்டார்ஸ்கோப்பில் (நிறங்களைக் காட்டும் வட்ட வரைபடம்) ‘ஸ்கின் டோன் இண்டிகேட்டர்’ கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த நிறத் தோலும் ஏறக்குறைய அந்தக் கோட்டின் மேலேயே விழும். கறுப்பும் மாநிறமும் வேறுபடுவது கோட்டில் எவ்வளவு தூரம், எவ்வளவு வெளிச்சம் என்பதில். ஆக, கோடு காட்டுவது சாயலை மட்டும். இரண்டு பேர் ஒரே படுக்கையில் இருக்கும் ஷாட்டுக்கு நோட் அமைப்பு இப்படி இருக்கலாம்: முதல் நோடில் மொத்தச் சமநிலை, இரண்டாவதில் கறுத்த முகத்தின் மேல் மென்மையான விண்டோ போட்டு டிராக் செய்து, காமாவை (நடுத்தர வெளிச்சம்) மட்டும் நூலளவு ஏற்றுங்கள், கெய்னை (உச்ச வெளிச்சம்) தொடாதீர்கள், ஆல்ட்+ஓ அழுத்தினால் அதற்கு வெளியேயுள்ள பகுதிக்கு ஒரு நோட் கிடைக்கும், அதில் சுவரை இறக்குங்கள். முகத்தைத் தூக்குவதைவிடச் சுவரை இறக்கினால் முகம் தானாக எடுப்பாகும். இருவர் தோலையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவர முயலாதீர்கள். அந்த வித்தியாசத்தைத்தான் பார்ப்பவர் கண் தேடும்.

ஊதா, இளஞ்சிவப்பு எல்இடி வெளிச்சம் இந்த வகைப் படங்களில் ஒரு தொற்றுநோய். வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விளக்கில் சாச்சுரேஷனைப் பாதியாகக் குறைத்து எடுங்கள். முழு ஊதாவில் சிவப்பும் நீலமும் வெட்டுப்பட்டு, கன்னம் விவரமே இல்லாத பிளாஸ்டிக் தகடாக வந்துவிடும். ரிசால்வில் கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் என்ற எஃபெக்டில் கேமட் மேப்பிங்கை ‘சாச்சுரேஷன் கம்ப்ரஷன்’ என்று வைத்தால் ஓரளவு மென்மையாகும். போன விவரம் திரும்பாது.

இலவசத்தின் உண்மையான வலி இருட்டுதான். நாய்ஸ் ரிடக்‌ஷன் இல்லாததால், ஐஎஸ்ஓ ஏற்றி எடுத்த அறைக் காட்சி எறும்பு ஊர்வது போலவே இருக்கும். 200 ரூபாய்க்கு இரண்டு பல்பு வாங்கி, பேப்பர் விளக்குக்கூட்டில் வைத்து, போதுமான வெளிச்சத்தில் எடுத்து, பிறகு கலரில் இரவாக்குங்கள். மேக்கில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று: ரிசால்வில் சரியாகத் தெரிந்த படம் குவிக்டைமில் வெளுத்துப்போவது காமா டேக் கோளாறு. அதைப் பார்த்துவிட்டு மறுபடி கான்ட்ராஸ்ட் ஏற்றினால் தியேட்டரில் இருண்டுபோகும்.

சப்டைட்டில்

தமிழில் “அவங்க சாப்பிட்டுட்டாங்க, இப்ப தூங்குறாங்க” என்று அம்மாவிடம் போனில் சொல்லும் மகளின் வசனத்தில், அந்த ‘அவங்க’ ஆணா பெண்ணா என்று தெரியாது. இந்த மறைவுக்குள்தான் நம் ஊர்க் காதல்கள் பல வருஷம் வாழ்கின்றன. இங்கிலீஷில் ‘ஹி’ போட்டால் பொய், ‘ஷி’ போட்டால் கதை உடைந்தது. எழுவாயே இல்லாமல் ‘ஆல்ரெடி ஈட்டன். அஸ்லீப் நவ்.’ என்று எழுதிவிட வேண்டும். காதலிக்கும் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் ‘டா’ போட்டுக் கூப்பிடுவதை ‘மேன்’ என்றும் ‘டியர்’ என்றும் எழுதினால் இரண்டும் தப்பு. மொழிபெயர்க்காமல் விடுங்கள், குரலே சொல்லிவிடும். ‘ஒம்போது’ என்ற வசவை ‘நம்பர் நைன்’ என்று எழுதினால் லண்டனில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. அந்த ஊரில் அதே அளவு சுடும் சொல்லைத் தேட வேண்டும். திருநங்கை என்பதை அப்படியே ரோமன் எழுத்தில் வைத்துவிடலாம்.

எடிட் பக்கத்தில் சப்டைட்டில் டிராக் சேர்த்து நேரடியாக எழுதலாம்; ஒவ்வொரு வரியும் நொடிக்கு எத்தனை எழுத்து என்பதைப் பெட்டியிலேயே காட்டும். வரிக்கு 42 எழுத்து, இரண்டு வரி, நொடிக்கு 17 எழுத்து அளவில் இருந்தால் படிக்க முடியும். வெட்டு விழும் இடத்தைத் தாண்டி வரி தொங்கக் கூடாது. குறிப்பாக அந்தப் பதினெட்டு பிரேம் மௌனத்தின் மேல். டெலிவர் பக்கத்தில் தனிக் கோப்பாகவும் எடுக்கலாம், படத்தோடு சேர்த்து எரிக்கவும் செய்யலாம். இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் தலைப்பும் கிரெடிட்டும் போடும்போது ‘டெக்ஸ்ட் பிளஸ்’ கருவியைச் சோதிக்காமல் நம்பாதீர்கள். ‘கொடுத்தோம்’, ‘ஸ்ரீ’, ‘பௌர்ணமி’ ஆகிய மூன்று சொற்களைப் போட்டுப் பாருங்கள். கொம்பு முன்னால் வராமல் பின்னால் தொங்கினால், சாதாரண ‘டெக்ஸ்ட்’ டைட்டிலுக்கு மாறுங்கள். அதிலும் சரியில்லை என்றால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜியாகக் கொண்டுவாருங்கள். யூனிகோட் எழுத்துரு (நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்றவை) மட்டுமே. யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்தால் குப்பைதான் வரும்.

கிரெடிட்டைத் தனி டிராக்கில் வையுங்கள். புனைபெயர் கேட்பவர்கள் கடைசி வாரத்தில்தான் கேட்பார்கள்.

ஒலி, வெளியீடு

ஒலியில் ஒரே அறிவுரை: கிசுகிசுப்பை நம்பாதீர்கள். ஹெட்ஃபோனில் காதருகே கேட்கும் முணுமுணுப்பு, ஏசி ஓடும் அரங்கில் காணாமல் போகும். வசன உச்சங்கள் மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருக்கும்போது கிசுகிசுப்பு அதற்கு 8, 10 டெசிபலுக்கு மேல் கீழே இறங்க வேண்டாம். ஃபேன் இரைச்சலை இலவசப் பதிப்பில் ஈக்யூ வைத்துக் குறைக்கலாம், எடுக்க முடியாது. ஷூட்டில் ஃபேனை நிறுத்துங்கள், முப்பது நொடி வெறும் அறைச் சத்தமும் பிடித்துக்கொள்ளுங்கள்.

குயர் படங்களுக்கான திரைவிழாக்களில், மும்பையில் 2010-இலிருந்து நடக்கும் காஷிஷ், சென்னையின் ரீல் டிசையர்ஸ், லண்டனின் பிஎஃப்ஐ ஃபிளேர், அடுத்த படம் எடுக்கப் பணம் தரும் கார்டிஃப் ஐரிஸ் பிரைஸ் என்று எங்கே அனுப்பினாலும், தேர்வுக்கு ஒரு நல்ல ஹெச்.264 கோப்பே போதும். தேர்வான பிறகு டிசிபி (தியேட்டர் புரொஜெக்டருக்கான கோப்புத் தொகுப்பு) கேட்டால், ரிசால்விலிருந்து டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் ஹெச்க்யூஎக்ஸில் ஒரு மாஸ்டர் எடுத்து, டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் மாற்றுங்கள். 16:9 படத்தை 1998×1080 ஃபிளாட் சட்டத்துக்குள் வைத்தால் இரு ஓரமும் மெல்லிய கறுப்புப் பட்டை வரும்; அது பிழை இல்லை. 150 மெகாபிட் வேகத்தில் பத்து நிமிடப் படம் சுமார் 11 ஜிபி. டிஸ்க்கை எந்த ஃபார்மட்டில் கொண்டுவர வேண்டும் என்று அரங்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டுடியோ யாருக்கு? ரூபாயில் 25,000-ஐத் தாண்டும். ஒருமுறை கட்டினால் போதும், ஒரே உரிமத்தை இரண்டு கம்ப்யூட்டரில் போடலாம். 10-பிட் கேமரா கையில் இருந்து வருஷத்துக்கு இரண்டு மூன்று படம் எடுக்கும் குழு, நாலைந்து பேர் பணம் போட்டு வாங்கலாம். பிளாக்மேஜிக் பாக்கெட் கேமரா வாங்கினால் ஸ்டுடியோ உரிமம் கூடவே வரும் என்பதால், கேமரா வைத்திருக்கும் நண்பரிடம் முதலில் விசாரியுங்கள். பெட்டிக்குள் அந்த அட்டை பிரிக்கப்படாமலே கிடக்கலாம். ஒரே ஒரு படம், அதுவும் இருட்டில் எடுத்த இரண்டு காட்சிக்காக என்றால், அந்த இரண்டு காட்சியை மறுபடி எடுக்க ஆகும் செலவு இதைவிடக் குறைவு.